தளிர் நடையும் தாளமும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பிள்ளைகளுக்குக் கல்வியையும் ஒழுக்கத்தையும் இளமையிலேயே புகட்ட வேண்டும் என்று வற்புறுத்துவோர் இதனை எடுத்தாளுவர். ஆயினும், வளைதல் என்பது முதற்கண் உடலின் தொழில் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளியில் சேரும் வயதை இன்னும் எட்டாத குழந்தைக்கு ஆடக் கற்றுக் கொடுக்கலாமா? கொடுக்கலாமெனில், எதனை எவ்வளவு கற்றுக் கொடுப்பது? இதற்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பூர் வட்டாரத்தில் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்துக்குச் சென்ற ஆண்டு நான் போயிருந்தேன். வரவு செலவுக் கணக்கு ஏற்கப்பட்டது. பங்கு ஈவு பற்றிய பேச்சும் முடிந்தது. நன்றி கூறும் வேளையில், உறுப்பினரான முதிய அம்மையார் ஒருவர் எழுந்து நின்றார். அவருடைய மகள் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வேலைக்குச் செல்பவர். பேத்திக்கு வயது நான்கு. சங்கக் கட்டிடத்தில் பாவு வைக்கும் பழைய அறை வெறுமையாகக் கிடப்பதாகவும், வாரத்தில் ஒரு நாள் அவ்வறையில் சிறு பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கலாம் என்றும், பழக்குபவருக்குப் பொது நல நிதியிலிருந்து ஏதேனும் கொடுக்கலாகாதா என்றும் அவர் கேட்டார். கூடத்தில் சிரிப்பொலி எழுந்தது. தலைவர் என் முகத்தைப் பார்த்தார். நெசவாளர்க்கு நூலும் கூலியும் விற்பனையும் தேடித் தருவதே சங்கத்தின் நோக்கம். நடனம் பயிற்றுவது அதன் வேலையன்று என்று நான் விடையிறுத்தேன். அம்மையார் அமர்ந்துவிட்டார். "ஏனுங்க, நூலுக்கும் கூலிக்கும் மட்டுந்தானா நாம பங்கு கட்டியிருக்கறோம்?" என்று அவர் அருகிலிருந்தவரிடம் மெல்லக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

நான் கூறிய விடை தவறு என்பதை எடுத்துக்காட்ட வேறு எங்கும் செல்ல வேண்டியதில்லை. கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தாலே போதும். அவ்வரலாற்றைப் படித்துத் தேர்வெழுதிப் பதவிக்கு வந்தவன் நான். எனினும் அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

ஒரு பஞ்சாலையில் நடந்தது

ஸ்காட்லாந்து நாட்டில், கிளைடு ஆற்றின் கரையில், நியூ லானார்க் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆற்று நீரின் விசையால் இயங்கிய பஞ்சாலைகள் அங்கே இருந்தன. 1800-ஆம் ஆண்டில் அவ்வாலைகளின் நிருவாகத்தை ராபர்ட் ஓவன் ஏற்றார். கூட்டுறவின் தந்தை என்று நாம் போற்றும் ஓவன் இவரே. அந்நாளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளும் பஞ்சாலைகளில் வேலை செய்தனர். பத்து வயது நிரம்பாதவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஓவன் விதி செய்தார். அவ்வாறாயின் அக்குழந்தைகளைப் பகற்பொழுதில் யார் காப்பது? தாயும் தந்தையும் ஆலையில் அல்லவா இருக்கின்றனர்?

இதற்கு விடையாக, 1816-ஆம் ஆண்டின் முதல் நாளில் ஓவன் ஒரு கல்வி நிலையத்தைத் திறந்து வைத்தார். நடக்கத் தொடங்கிய குழந்தை முதற்கொண்டு அங்கே சேர்த்துக் கொள்ளப்பட்டது. குழந்தைப் பள்ளியின் முதல் ஆசிரியராக அவர் தேர்ந்தெடுத்தவர் ஜேம்ஸ் பியூகானன் என்பவர். அவர் பட்டம் பெற்றவர் அல்லர், கைத்தறி நெசவாளர், எழுத்தறிவும் அவருக்குக் குறைவு. அவருக்குத் துணையாக மாலி யங் என்னும் பதினேழு வயது மதிக்கத்தக்க ஆலைப் பெண் அமர்த்தப்பட்டாள். குழந்தைகளிடத்தில் அன்பும் பொறுமையும் உடையவர்கள் என்பதே அவ்விருவரின் தகுதி. எக்காரணத்தாலும் குழந்தையை அடிக்கலாகாது. சொல்லாலும் செயலாலும் அச்சுறுத்தலாகாது. எப்போதும் இனிய முகத்தோடும் இனிய குரலோடும் பேச வேண்டும் என்பனவே அவர்களுக்கு ஓவன் இட்ட கட்டளைகள். குழந்தைகளை நூல்களைக் கொண்டு தொல்லைப்படுத்தக் கூடாது என்பதும் அவர் கருத்து.

அப்பள்ளியில் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு ஆடலும், நான்கு வயதைக் கடந்தவர்களுக்குப் பாடலும் கற்பிக்கப்பட்டன. 1825-இல் வெளிவந்த படம் ஒன்றில் அப்பள்ளியின் ஆடற்கூடத்தைக் காணலாம். தளர்ந்த வெண்ணிற ஆடை அணிந்த பிள்ளைகள் இணை இணையாக நின்று ஆடுகின்றனர். சுவரில் விலங்குகளின் பெரிய படங்கள் தொங்குகின்றன. வந்திருக்கும் விருந்தினர் ஒருபுறம் நின்று வியந்து பார்க்கின்றனர். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இவ்வூரைப் பார்க்க வந்தனர். 2001-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நியூ லானார்க்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இக்கதையின் மறுபாதியையும் நாம் அறிய வேண்டும். ஓவனுடைய பங்காளிகள் இவ்வாடலையும் பாடலையும் விரும்பவில்லை. இது ஆலையின் நோக்கத்துக்குப் புறம்பானது என்றும், சமய ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்றும் அவர்கள் கூறி வந்தனர். அவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஆலன் என்னும் நல்லவர். அடிமை வாணிகத்தை எதிர்த்துப் பாடுபட்டவர். 1824-இல் அவர்கள் கை ஓங்கிற்று. ஆலையின் செலவில் நடனம் கற்பிப்பது அத்துடன் நின்றது. சில ஆண்டுகளுக்குள் ஓவனும் ஆலையை விட்டு விலகினார். இதனை மீண்டும் படித்தபோதுதான், பேரவைக் கூட்டத்தில் நான் பேசியது ஓவனுடைய பேச்சன்று, ஆலனுடைய பேச்சு என்பது எனக்கு விளங்கியது.

ஓவனின் வழியில் வந்த ராச்டேல் முன்னோடிகள் 1844-இல் தங்கள் கடையைத் திறந்தனர். அவர்களுள்ளும் நெசவாளர் பலர். நாளடைவில் அவர்கள் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வி. ஏழாவது சமுதாய அக்கறை. ஆகவே, அம்மையார் கேட்ட கேள்வி கூட்டுறவுக்குப் புறம்பானது அன்று.

நம் வழக்கில் உள்ளது

மேனாட்டார் செய்தனர் என்பதற்காக நாமும் செய்ய வேண்டும் என்பதில்லை. குழந்தையின் அசைவை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் நூல்களே சான்று. ஐந்தாம் மாதத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்ந்து அசைந்தாடுவது செங்கீரைப் பருவம். ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டுவது சப்பாணிப் பருவம். ஓராண்டு நிறையும்போது அடியெடுத்து நடந்து வருவது வருகைப் பருவம். பின்னர் ஆண் பிள்ளைக்குச் சிறுபறை முழக்குதலும், பெண் பிள்ளைக்கு ஊசலாடுதலும் வருகின்றன. முதலில் அசைவு, அடுத்துக் கைத்தட்டு, அதன் பின் நடை, அதற்கும் பின் தாளக் கருவி என்னும் வரிசை இதில் இருக்கிறது. சிறு குழந்தைக்கு ஆடல் பயிற்றப் புகுபவர் இவ்வரிசையைப் பின்பற்றினால் தவறு நேராது.

கொங்கு நாட்டில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. மாரியம்மன் திருவிழாவில் கம்பத்தைச் சுற்றி ஆடுகின்றனர். சலங்கையாட்டம் உண்டு, ஒயிலாட்டம் உண்டு. வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் ஒயில் கும்மி இன்று ஊர்தோறும் புத்துயிர் பெற்றிருக்கிறது. ஆடவர் மட்டுமே ஆடி வந்த அக்கலையைப் பெண்டிருக்கும் பயிற்றுவித்த கோவை மாவட்டத்து மூத்த கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பெண் மக்கள் ஊர் நடுவே ஆடலாமா என்ற தயக்கம் இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது, இத்துணைச் சிறு பிள்ளைகளுக்கு இது எதற்கு என்னும் கேள்வியே.

தக்கதும் தகாததும்

இக்கேள்வியில் நியாயம் உண்டு. நகரங்களில் மூன்று வயதுக் குழந்தையைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பெருகி வருகின்றனர். பரதத்தின் முதற்பாடமாகிய தட்டடவுக்கு அரைமண்டி இன்றியமையாதது. முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, பாதி அமர்ந்த நிலையில், முதுகு நிமிர்ந்து, பாதத்தை அழுத்தித் தட்ட வேண்டும். எலும்பு முற்றாத குழந்தையைச் சிமெண்டுத் தரையில் நெடுநேரம் இவ்வாறு நிறுத்துவது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நல்லதன்று. பாலசரசுவதி அம்மையார் 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார் அல்லவா என்று சிலர் கேட்கக் கூடும். அவர் வீணை தனம்மாளின் பேத்தி, ஜயம்மாளின் மகள். கண் விழித்தது முதல் கண் துயிலும் வரை இசையே ஒலித்த இல்லத்தில் வளர்ந்தவர். அதனைப் பொது விதியாகக் கொள்ள இயலாது.

தகாதது மற்றொன்றும் உண்டு. ஆண்டு விழா என்ற பெயரால் ஜரிகை உடையும் தலை அணியும் வாடகைக்கு எடுக்கச் சொல்லி, ஐந்து நிமிட ஆட்டத்துக்காக மாதக் கூலியில் பெரும்பகுதியைக் கரைப்பது. இவ்வாறு செலவிட்டுக் கைம்மாற்று வாங்கிய தறித் தொழிலாளி ஒருவரை நான் அறிவேன். மேடையில் ஏறிய அவருடைய குழந்தை விளக்கொளியைக் கண்டு அழுதுகொண்டே இறங்கிவிட்டது. இச்செலவைச் சங்கம் ஏற்பது முறையன்று. இதனை எதிர்ப்பதில் நானும் வில்லியம் ஆலன் பக்கமே நிற்பேன்.

அவ்வாறாயின் தக்கது யாது? மூன்று வயதுக் குழந்தையால் இரு கால்களையும் சேர்த்துக் குதிக்க இயலும். நான்கு வயதில் ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்கவும் நொண்டியடிக்கவும் இயலும். கால் மாற்றித் துள்ளி ஓடுவது பெரும்பாலும் ஐந்து வயதில்தான் கைகூடும். உடல் ஆயத்தமாகும் முன்னர் ஓர் அசைவைக் கேட்பது, பருத்திக் காய் வெடிக்கும் முன்னர்ப் பஞ்சு பறிப்பதை ஒக்கும். ஆகவே இப்பருவத்தில் ஆடல் வகுப்பு என்பது, தாளத்துக்கு நடத்தல், கை தட்டல், குதித்தல், நிற்கச் சொன்னால் நிற்றல், வட்டத்தில் கைகோத்துச் சுற்றுதல் என்னும் இவ்வளவே. முத்திரையும் வேண்டா, அடவும் வேண்டா.

குழந்தைக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்தார். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவர் ஜார்ஜ் அருண்டேல் அவரை அழைத்திருந்தார். தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு வரைந்து, அதன் மீது குழந்தைகளை அடி பிசகாமல் நடக்கச் செய்வதும், இசைக்கேற்ப நடையை மாற்றச் செய்வதும் மாண்டிசோரி முறையில் உள்ள பயிற்சிகளாகும். அதற்குச் சுண்ணக்கட்டி ஒன்றைத் தவிர வேறு செலவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும், திரையின் முன் அமர்வது ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் கூறியிருக்கிறது. திருப்பூர்ப் பக்கத்து வாடகைக் குடியிருப்புகளில் நிலைமை எவ்வாறு இருக்கிறது? ஒரே அறை, வெளியே குறுகிய சந்து, தாயும் தந்தையும் ஷிப்டு வேலையில். குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு, அதன் பாட்டி சமையலைப் பார்க்கிறார். தறி வைத்திருக்கும் வீடுகளில் குழந்தை ஓடியாட விரும்பினால் தறிக்குழியும் மின் கம்பியும் குறுக்கிடுகின்றன. அம்மையார் பாவு அறையைக் கேட்டதன் காரணம் இதுவே.

பாவு அறையில் ஒரு வகுப்பு

பேரவை ஏற்காவிட்டாலும் அம்மையார் சும்மா இருக்கவில்லை. தலைவரிடம் திறவுகோலை வாங்கி, அறையைப் பெருக்கிக் கழுவி, ஞாயிறுதோறும் காலையில் தாமே வகுப்பைத் தொடங்கிவிட்டார். இளமையில் ஊர்க் கும்மியில் பாட்டெடுத்துக் கொடுத்தவராம். நான் அடுத்த முறை அச்சங்கத்துக்குச் சென்றபோது அதனைப் பார்க்க விரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றேன்.

பதினான்கு குழந்தைகள் வந்திருந்தனர். அவர்களுள் ஐவர் ஆண் பிள்ளைகள். சுவரோரம் ஜமுக்காளம் விரித்திருந்தது. அது அமர்வதற்கு மட்டும். ஆடும்போது விரிப்பு வழுக்கும் என்பதால் வெறுந்தரையிலேயே ஆட விட்டனர். முதலில் அனைவரும் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவர் பெயரையும் கைத்தட்டோடு சேர்த்துச் சொன்னார்கள். இரண்டெழுத்துப் பெயருக்கு இரண்டு தட்டு. நான்கெழுத்துப் பெயருக்கு நான்கு தட்டு. பின்னர் எழுந்து நடந்தனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதிய நெசவாளர் ஒருவர் தகர டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கோலால் தட்டினார். மெல்லத் தட்டினால் ஆமை போல் நடை. விரைந்து தட்டினால் ஓட்டம். தட்டு நின்றால் அனைவரும் அப்படியே நிற்க வேண்டும். நிற்பதுதான் அவர்களுக்கு அரிதாக இருந்தது. ஒற்றைக் காலில் கொக்குப் போல் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழுந்து சிரித்தனர். இறுதியில் கைகோத்து வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து கும்மி தட்டினர். எல்லாம் நாற்பது நிமிடங்களில் முடிந்தது. அதற்கு மேல் அவ்வயதுக் குழந்தைகளை ஒன்றில் நிறுத்தி வைக்க இயலாது என்று அம்மையார் கூறினார்.

ஒரு சிறுவன் மட்டும் வட்டத்தில் சேரவில்லை. வாயிற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வாரமாக அவன் அவ்வாறே நிற்கிறான் என்றார்கள். யாரும் அவனைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "வேடிக்கை பாக்கறதும் படிப்புத்தானுங்க சார். கண்ணு தானா வரும்" என்றார் அம்மையார். கும்மி நடக்கும்போது நான் அவனைக் கவனித்தேன். கதவை விடாமலே, ஒரு காலால் தாளம் தட்டிக் கொண்டிருந்தான்.

டின் தட்டிய முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கைத்தறியில் கால் மிதியும் கையிழுப்பும் ஒன்றையொன்று முந்தலாகாது என்றும், முந்தினால் நூல் அறும் என்றும், இளமையில் தமக்கு அந்த ஒழுங்கு படிய ஆறு மாதம் ஆயிற்று என்றும் அவர் கூறினார். இக்குழந்தைகள் தறிக்கு வரப் போவதில்லை என்பதையும் அவரே கூறினார். "வராட்டிப் போகுதுங்க. நாலு பேரோட சேர்ந்து அடி வெக்கக் கத்துக்கட்டும்" என்றார். சங்கம் என்பதற்கு நான் பல பயிற்சி வகுப்புகளில் கேட்ட விளக்கங்களைக் காட்டிலும் அது தெளிவாக இருந்தது.

செலவும் கணக்கும்

ஆய்வாளன் என்ற முறையில் சில சொற்கள் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவதாக, அரசின் குழந்தைகள் மையங்கள் செய்துவரும் பணிக்கு இது மாற்று ஆகாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டு மையங்களுக்கென வகுத்த பாடத்திட்டத்துக்கே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பெயர். மையத்துப் பணியாளரை அழைத்துக் கலந்து பேசினால், பாட்டுக்கும் விளையாட்டுக்கும் நல்ல வழி கிடைக்கும். மையம் இயங்காத ஞாயிற்றுக்கிழமையே சங்கத்துக்கு ஏற்ற நாள்.

இரண்டாவதாக, இடம். கிடங்கு வெறுமையாக இருக்கிறது என்று உழவர் சங்கங்கள் எண்ணலாம். உரமும் பூச்சிமருந்தும் வைத்த கிடங்கில் குழந்தைகளை விடவே கூடாது. கதிரடிக்கும் களமே போதும்; வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நெசவுக் கூடமாயின், ஓடும் தறியும் திறந்த மின் இணைப்பும் இல்லாத அறையாக இருத்தல் வேண்டும். குடிநீரும், ஒதுங்க இடமும், குழந்தையைக் கொண்டுவந்து விட்டவர் யார், அழைத்துச் செல்பவர் யார் என்று குறிக்க ஒரு நோட்டும் வேண்டும். பெரியவர் இருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருப்பது போதாது.

மூன்றாவதாக, பணம். துணைவிதிகளில் இடமிருந்து, நிகர இலாபத்திலிருந்து பொது நல நிதி ஒதுக்கப்பெற்றிருந்தால், முறைப்படி தீர்மானம் நிறைவேற்றி அதிலிருந்து செலவிடுவதைப் பற்றி ஆராயலாம். செலவின் உச்ச அளவையும் காலத்தையும் தீர்மானத்திலேயே குறிக்க வேண்டும். வகுப்பு உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டுமா, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்குமா என்பதையும் முன்னரே முடிவு செய்தல் நன்று. இலாபம் காணாத சங்கம் இதற்காகக் கடன்படலாகாது. அங்கே அறையும் திறவுகோலும் கொடுத்தாலே பெரிய உதவியாகும். உடைக்கும் மேடைக்கும் ஒரு காசும் கூடாது. உறுப்பினர் வீடுகளில் நெய்த துணியில் தைத்த சட்டையே குழந்தைகளுக்குப் போதிய ஆடை.

நான் மேலே கூறிய சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இப்பொருள் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழக்குபவருக்கு மதிப்பூதியமும், ஒரு நல்ல தவுலும் வாங்கக் கோருகின்றனர். தீர்மானம் நிறைவேறுமா என்பது உறுப்பினர் கையில் இருக்கிறது. முடிவு செய்வது என் வேலையன்று. விதியைப் பற்றி என்னிடம் கேட்டால், இம்முறை நான் பழைய விடையைக் கூறப் போவதில்லை.

நியூ லானார்க்கில் ஆடலை நிறுத்தியவர்கள் ஆலையின் பங்காளிகள் சிலர். அங்கே ஆடிய குழந்தைகளின் தாய் தந்தையருக்கு அம்முடிவில் வாக்கு இல்லை, அவர்கள் கூலியாட்கள். நம் சங்கங்களில் பிள்ளைகளைப் பெற்றவர்களே பங்குதாரர்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு உண்டு. அவ்வாக்கை இக்குழந்தைகளையும் எண்ணிப் பார்த்து அளிக்குமாறு கூட்டுறவு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.